தூய்மைப் பணியாளருக்குப் பஞ்சப்படி வந்த கதை

ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும் சமயத்தில் "மொத்த பில்லில் பத்து சதவீதம் கூட்டித் தரவும்" என்று ஏஜென்சியிடமிருந்து கடிதம் வருவது வழக்கம். அதென்ன பத்து? அரசு ஒப்பந்தங்களில் கூலி உயர்வுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது சுலபத்தில் வந்துவிடவில்லை.

எங்களைப் போன்ற வங்கி ஊழியர்களின் பஞ்சப்படியை விலைவாசிக் குறியீட்டு எண்ணோடு 1953-ஆம் ஆண்டு சாஸ்திரி தீர்ப்பே இணைத்துவிட்டது. அதற்கு முன்பே, 1948-இல், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்திருந்தது. குறியீட்டு எண்ணோடு ஏறும் படியை அதுவும் அனுமதித்தது, ஆனால் கட்டாயமாக்கவில்லை. கூலியை மறுஆய்வு செய்ய ஐந்து ஆண்டு வரை அவகாசமும் தந்தது. அரிசி விலை ஐந்து ஆண்டு காத்திருக்குமா? 1988-இல் தொழிலாளர் அமைச்சர்கள் மாநாடு பரிந்துரைத்த பிறகுதான் 'மாறும் பஞ்சப்படி' நடைமுறைக்கு வந்தது. குமாஸ்தாவுக்குக் கிடைத்தது, ஒப்பந்தக் கூலிக்கு அலுவலகம் பெருக்கியவருக்குக் கிடைக்க 35 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மத்திய அரசுப் பணிகளில் ஏப்ரல் 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு இருமுறை, ஆறு மாதச் சராசரிக் குறியீட்டு எண்ணை வைத்து இந்தப் படி மாறும். ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். 2020-இல் அடிப்படை ஆண்டு 2001-இலிருந்து 2016-க்கு மாறியபோது, 338 ஆக இருந்த எண் அடுத்த மாதமே 118 ஆயிற்று. விலை குறைந்துவிடவில்லை! புதிய எண்ணை 2.88 ஆல் பெருக்கினால்தான் பழைய வரிசையோடு ஒப்பிட முடியும்.

இனி கணக்குக்கு வருவோம். 2017 ஜனவரியில் சென்னை போன்ற 'ஏ' பகுதி நகரங்களில் தூய்மைப் பணிக்கு அடிப்படைக் கூலி நாளுக்கு ரூ.523. 2024 அக்டோபரில் படியோடு சேர்த்து ரூ.783. அடிப்படை அதே 523தான். ஐந்து ஆண்டு கடந்தும் அது அசையவில்லை. கூடிய 260 ரூபாயும் பஞ்சப்படி. அது மட்டும் இல்லையென்றால் அந்தக் குடும்பங்களின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

மாதத்துக்கு 26 நாள் (வார விடுமுறைக் கூலி இதிலேயே அடக்கம்). 13,598 ரூபாய் 20,358 ஆகிறது, உயர்வு 6,760. இதன் மேல் இ.எஸ்.ஐ. நிர்வாகப் பங்கு இன்றைய 3.25 சதவீதத்தில் சுமார் ரூ.220. பி.எஃப். பங்கை 15,000 ரூபாய் உச்சவரம்போடு நிறுத்திக்கொண்டால் கூடுவது ரூ.168தான். ஆக ஓர் ஆளுக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய ரூ.7,150. சேவைக் கட்டணமும் கூலியில் பத்து சதவீதம் என்று எழுதியிருந்தால், ஏஜென்சிக்கு மேலும் 676 ரூபாய் சும்மா போகும். விலைவாசி ஏறியதற்குத் தொழிலாளிக்குப் படி கொடுப்பது நியாயம், இடைத்தரகருக்கு எதற்கு? சேவைக் கட்டணத்தை ரூபாயில் நிர்ணயித்துவிடுவதே முறை என்பது என் கருத்து.

மேலே சொன்ன தொகை மத்திய அரசு நிறுவனங்களுக்கானது. நம் வளாகத்துக்குத் தமிழ்நாடு அரசின் அறிவிக்கைகளைத்தான் பார்க்க வேண்டும். இங்கே முறை வேறு: சென்னை நகரக் குறியீட்டு எண்ணின் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியை எடுத்து, உயர்ந்த ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை ரூபாய் என்று ஏப்ரல் 1 முதல் கூட்டுவார்கள்.

ஆகவே அடுத்த கடிதம் வரும்போது கூலி, பி.எஃப்.–இ.எஸ்.ஐ., சேவைக் கட்டணம் என்று மூன்றாகப் பிரித்துத் தரும்படி செயற்குழு கேட்கலாம். கூட்டிக் கொடுத்த பணம் வாசலில் நிற்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்குச் சம்பளச் சீட்டின் நகலையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.