தந்தை விரித்த பாவு: தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளை

காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைந்து, இடையே பிரியாது இணைவதைக் கோர்வை என்பர். அக்கோர்வையைத் தனியொருவர் நெய்வது அரிது. தறியின் ஒரு புறம் நெசவாளர் அமர, மறுபுறம் பெரும்பாலும் அவருடைய மகனோ தம்பியோ நின்று கரைக்குரிய நாடாவை வாங்கித் தருவது பழைய வழக்கம். காஞ்சியிலும் அதனையடுத்த முசரவாக்கத்திலும் உள்ளோர்க்கு இது புதுச்செய்தியன்று. ஆயினும் திருப்புகழ் என்னும் பெருநூல் தமிழுலகின் கைக்கு வந்ததும் இவ்வண்ணமே என்பதைப் பலர் அறியார்.

வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை பழைய செங்கற்பட்டு மாவட்டத்தவர். 1846ஆம் ஆண்டு பிறந்தவர். நீதித்துறையில் பணியேற்று மாவட்ட முன்சீப் ஆனவர். 1871ஆம் ஆண்டளவில், தில்லைத் தீட்சிதர்கள் தொடர்பான வழக்கு ஆவணம் ஒன்றில் தில்லைவாழ் அந்தணரைப் போற்றும் திருப்புகழ்ப் பாடல் ஒன்று சான்றாகக் காட்டப்பட்டிருந்தது. வழக்கைப் பார்க்க வேண்டியவர் பாட்டைப் பார்த்தார். இத்தகைய பாடல்கள் பதினாறாயிரம் என்று உலகம் சொல்ல, அவை எங்கே உள்ளன என்னும் வினா அவரை விடவில்லை. பணி மாற்றம் ஒவ்வோர் ஊருக்கும் இழுத்துச் செல்ல, அவ்வவ்வூர் ஏடுகளைத் தேடுவதே அவர்க்கு இரண்டாம் உத்தியோகமாயிற்று.

தேடிய ஏடுகளுள் மிகப் பெருந்தொகுதிகளில் ஒன்று காஞ்சிபுரம் புத்தேரித் தெருவில் கிட்டியது. இச்செய்தியைக் காஞ்சி மக்களே மறந்துவிட்டமை வருந்தத்தக்கது. கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றிய குமரகோட்டத்தை நாள்தோறும் வலம் வருவோர், அதன் அயலிலேயே ஒரு வீட்டார் அருணகிரியார் பாடல்களைச் செல்லுக்குத் தப்புவித்து வைத்திருந்ததை நினைப்பதில்லை. காஞ்சிக்கு உரியனவாக மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் இன்று கிடைத்துள்ளன.

முதற்பாகம் 1894ஆம் ஆண்டில் அச்சேறியது. சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்து அப்போது ஏழாண்டுகளே ஆகியிருந்தன. ஐயரின் ஏட்டு வேட்டையை அவரே சுவைபட எழுதி வைத்தமையால் அது பள்ளிப் பாடம் வரை வந்தது. முன்சீபின் வேட்டைக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. இரண்டாம் பாகத்தையும் கொணர்ந்தபின், 1909ஆம் ஆண்டில், திரட்டிய பாடல்கள் முழுதும் அச்சாகும் முன்னரே அவர் மறைந்தார்.

அப்போது மகன் செங்கல்வராயருக்கு அகவை இருபத்தைந்து. 1883 ஆகஸ்டு 15 அன்று பிறந்த அக்குழந்தைக்குத் தணிகை முருகன் பெயரையே தந்தை இட்டிருந்தார். தந்தையின் பணிமாற்றங்களோடு ஊர் ஊராகப் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பரிதிமாற் கலைஞரிடம் தமிழ் கேட்டு, எம்.ஏ. பட்டமும் பெற்றவர். அத்தகுதியோடு புலமைத் தொழிலை நாடியிருக்கலாம். அவர் சேர்ந்ததோ பதிவுத்துறை! பத்திரங்களும் முத்திரைத்தாள்களும் சூழ்ந்த அலுவலகம். இதனை இழப்பென்று கருதுவோர் உளர். எனினும் சொல்லுக்குச் சொல் சரிபார்த்து, எங்கே எது பதிவாகியுள்ளதென்று குறித்து வைக்கும் பழக்கம் அவருடைய பிற்கால நூல்களில் வரிக்கு வரி தெரிகின்றது. அலுவலகம் அவரிடமிருந்து பறித்ததைவிடக் கொடுத்ததே மிகுதி எனலாம்.

தந்தை மறைவுக்கும் திருப்புகழ் மூன்றாம் பாகம் வெளிவந்த 1926ஆம் ஆண்டுக்கும் இடையே பதினேழு ஆண்டுகள். வீட்டில் ஒரு கட்டு ஏடும் கையெழுத்துப் படியும் இருப்பதும், அவை தந்தை விட்டுச் சென்ற கடன் என்பதும், பகலெல்லாம் பிறர் சொத்துக்களைப் பதிவு செய்துவிட்டு வருபவர்க்கு எத்தகைய சுமை! எத்தனையோ இல்லங்களில் இத்தகைய கட்டுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. இந்த இல்லத்தில் போகவில்லை. மக்கள் அக்கடனைத் தீர்த்தனர்.

1938ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். பிறர் சாய்வு நாற்காலியை நாடும் அகவையில் அவருடைய பெருவாழ்வு தொடங்கியது என்றே சொல்ல வேண்டும். 'அருணகிரிநாதர் வரலாறும் நூலாராய்ச்சியும்' 1947ஆம் ஆண்டில் வந்தது. பின்னர்த் திருப்புகழ் முழுமைக்கும் உரை கண்டு, சைவத் திருமுறைகளின் எண்ணைப் பின்பற்றி 'முருகவேள் பன்னிரு திருமுறை' என வகுத்தார். இவ்வகுப்பு முறை ஆராய்ச்சியாளர் கண்ணுக்குச் சற்று நெருடலே. பன்னிரண்டு என்னும் எண் பக்தியால் வந்ததேயன்றி நூல் வரலாற்றால் வந்ததன்று. ஆனால் அந்த உரை இல்லாவிடில் சந்த ஓட்டத்தில் மயங்கிப் பொருளைக் கைவிட்டுச் செல்லும் நிலையிலேயே நம்மில் பலர் நின்றிருப்போம். நீண்ட வடசொற்றொடர்களையும் புராணக் குறிப்புகளையும் பிரித்துப் பிரித்து அவர் காட்டிய பின்னரே, ஓசைக்காகப் பாடியவர் என்று அருணகிரியாரை ஒதுக்கிய வாய்கள் அடங்கின.

இவற்றினும் மேலானவை ஒளிநெறி நூல்கள். தேவாரம், திருவாசகம், திருக்கோவையார் முதலியவற்றில் ஒரு பொருள் பற்றி எங்கெங்கே பேசப்படுகின்றதோ அவற்றையெல்லாம் தலைப்பு வாரியாக அகரவரிசையில் தொகுத்துத் தந்தவை அவை. பறவை, அணிகலன், இசைக்கருவி, அடியார், தலம் என எதைத் தேடினும் பாட்டின் எண்ணோடு கிடைக்கும். கணிப்பொறி இல்லாத காலத்தில் ஒரு முதியவர் கண்ணும் கையும் கொண்டு செய்த வேலை இது. இத்தகைய நூலை யாரும் புகழ்ந்து பாடுவதில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல இதிலிருந்து மேற்கோள் எடுத்துக்கொண்டு, மூல நூலையே தாம் முழுதும் தேடியதுபோல் அடிக்குறிப்பு இடுவதும் உண்டு! கவிஞர்களும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். சம்பந்தர் பாடலில் வரும் மரங்களை மட்டும் ஒருங்கே கண்டாலே ஒரு சோலை எழும்.

1970களின் தொடக்கத்தில், தொண்ணூறை நெருங்கிய அகவையில், அவர் வாழ்வு நிறைவுற்றது. தணிகைமணி என்று தமிழுலகம் அவரை அழைத்தது. ஆயினும் தம் நூல்களின் முகப்பில் அவர் விடாது எழுதிவந்தவை இரண்டு முதலெழுத்துகள்: வகரம் வடக்குப்பட்டு, சுகரம் சுப்பிரமணிய பிள்ளை.