வேற்றுமை எட்டும் ருஷ்ய மொழியின் ஆறும்



"நீங்க வரலாறு படிச்சவர் சார், நம்ம பக்கத்து வரலாறு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று மலர்க்குழுவினர் கேட்டனர். அரிக்கமேட்டைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றியும் எழுத நல்ல அறிஞர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு சின்ன வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியர் இல்லாமல், வகுப்பு இல்லாமல், ஓர் இலக்கணப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ருஷ்ய மொழி கற்ற கதை அது. தவளக்குப்பத்தில் இருந்தபடி அப்படிக் கற்றவர்களில் அடியேனும் ஒருவன். 1981 முதல் 1984 வரை நான் நம் கல்லூரியில் வரலாறு படித்த காலம்.

புதுவைக்காரனுக்கு அயல்மொழி என்றால் பிரெஞ்சுதான். அதற்கு 1889லேயே தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் உண்டு, லிசே உண்டு, தெருவுக்கு ஒரு சொல்தா வீடாவது உண்டு. பிரெஞ்சு கற்றால் பென்ஷன், பாரீஸ் என்று ஏதோ ஒரு பலன் கண்ணுக்குத் தெரியும். ருஷ்ய மொழிக்கு நம் ஊரில் என்ன இருந்தது? சென்னையில் கஸ்தூரி ரங்கன் சாலையில் சோவியத் கலாச்சார மையம் இருந்தது, வகுப்பும் நடத்தினார்கள். ஆனால் பஸ் பாஸில் கல்லூரிக்கு வந்துபோன என் போன்றவனுக்குச் சென்னை எட்டாத தூரம்.

இருந்தது புத்தகம் மட்டுமே. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் 1951ல் தொடங்கியதிலிருந்து மாஸ்கோவில் அச்சான நூல்கள் மலிவு விலையில் தமிழ்நாட்டுக்கும் புதுவைக்கும் வந்து குவிந்தன. கெட்டி அட்டை, நல்ல தாள், விலையோ ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. கோர்க்கியின் 'தாய்' நாவலை தொ.மு.சி. ரகுநாதன் தமிழிலும், தல்ஸ்தோயின் 'புத்துயிர்ப்பு' நாவலை ரா. கிருஷ்ணையா தமிழிலும் படித்துவிட்டு, "இதை அவங்க மொழியிலேயே படிச்சா எப்படி இருக்கும்?" என்று ஏங்கிய பிள்ளைகள் அன்று கிராமம் தோறும் இருந்தார்கள். அரசியல் ஈடுபாட்டால் சிலர், இலக்கிய ஆசையால் சிலர். எனக்கு இரண்டாவது.

காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகக் குவியலிலிருந்து மூன்று ரூபாய்க்கு நான் எடுத்தது நீனா பொத்தாபொவா எழுதிய ருஷ்யப் பாடநூலின் ஆங்கிலப் பதிப்பு. அது சாதாரணப் புத்தகமன்று. பிரெஞ்சுக்காரர்களுக்கென்று அந்த அம்மையார் எழுதிய 'ல ரூஸ்' நூலை அடிப்படையாக வைத்துத்தான் ஃபென்னல் என்ற ஆக்ஸ்போர்டு அறிஞர் 1961ல் பெங்குவின் ருஷ்யப் பாடநூலைத் தொகுத்தார். 1996ல் நிக்கலஸ் பிரவுன் எழுதிய புதிய பெங்குவின் நூல் வரும்வரை ஆங்கிலம் அறிந்தோர் பலர் தாமாக ருஷ்யன் கற்றது அதை வைத்துத்தான். உரையாடல், படம், பாட்டு என்று ஒப்பனை எதுவும் இராது. பாடத்துக்குப் பாடம் விதி, அட்டவணை, பயிற்சி. மாதிரி வாக்கியங்களில் தோழர்களும் தொழிற்சாலைகளும் கூட்டுப்பண்ணைகளும். "என்னாடா இது, வாய்ப்பாடு மாதிரி இருக்கு?" என்று என் தந்தையார் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். வாய்ப்பாடுதான்!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பத்தாம் வகுப்புவரை படித்தது தமிழ் வழியில், கிராமத்துப் பள்ளியில். கல்லூரியில் ஆங்கிலப் பாடம் நடக்கும்போது கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். நம்மில் பலருக்கு அந்த அனுபவம் உண்டு. "தமிழ் மீடியம் பையன்" என்பது அன்று கிட்டத்தட்ட ஒரு நோயின் பெயர். அந்த நிலையில் இருந்தவனுக்கு இந்தப் புத்தகம் செய்த காரியம் பெரிது.

ருஷ்ய மொழியில் வேற்றுமை ஆறு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு ஏறக்குறையக் கிடையாது. ஆகவே ஆங்கிலேய மாணவனுக்கு வேற்றுமை என்றால் என்ன என்பதையே புரியவைக்க அந்நூல் பக்கம் பக்கமாகப் பாடுபடுகிறது. நானோ ஒன்பதாம் வகுப்பிலேயே தமிழய்யாவிடம் பிரம்படி வாங்கிக்கொண்டு ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று எட்டையும் ஒப்பித்தவன். ஒரு சொல்லின் வால் மாறினால் அதன் வேலை மாறும் என்பது தமிழ்ப் பிள்ளைக்குப் பாலோடு வந்த அறிவு. உதாரணம் பாருங்கள். பேனாவால் எழுதினேன் என்பதற்கு ருஷ்யன், பேனா என்ற சொல்லின் கடைசியை மாற்றி 'ரூச்கய்' என்பான். நண்பனோடு போனேன் என்பதற்கு 'ஸ் த்ரூகம்' என்பான். இரண்டுக்கும் ஒரே வேற்றுமை. ஆங்கிலம் வழி வருபவன், கருவிக்கும் உடன் வருபவனுக்கும் ஏன் ஒரே வேற்றுமை என்று விழிக்கிறான். நன்னூல் படித்தவனுக்கு இதில் வியப்பில்லை. ஆல் உருபும் ஓடு உருபும் நமக்கும் மூன்றாம் வேற்றுமைதானே?

இரண்டாம் வேற்றுமை இன்னும் வேடிக்கை. 'மேசையைப் பார்க்கிறேன்' என்றால் ருஷ்யனில் மேசை என்ற சொல் (ஸ்தோல்) மாறாது. 'மாணவனைப் பார்க்கிறேன்' என்றால் ஸ்துத்யேன்த் என்பது ஸ்துத்யேன்தா என மாறியாக வேண்டும். உயிருள்ளதா, உயிரற்றதா என்று பார்க்கிறது அந்த மொழி. நாம் 'புத்தகம் படித்தேன்' என்று ஐ உருபு இல்லாமல் சொல்லலாம், 'முருகன் பார்த்தேன்' என்று சொல்ல முடியாது. நம்முடையது திணையைப் பார்க்கும் கணக்கு, அவர்களுடையது உயிரைப் பார்க்கும் கணக்கு. ஆட்டையும் மாட்டையும் அவர்கள் மனிதனோடு சேர்த்துவிடுகிறார்கள், நாம் அஃறிணையில் வைக்கிறோம், அவ்வளவுதான் வேறுபாடு.

வாக்கிய அமைப்பிலோ ஆங்கிலத்தைவிட ருஷ்யன் நமக்குப் பல இடங்களில் நெருக்கம். 'நான் மாணவன்' என்பதில் நமக்கு 'இருக்கிறேன்' தேவையில்லை. அவர்களுக்கும் 'யா ஸ்துத்யேன்த்', இரண்டே சொல். ஆங்கிலத்தின் சுட்டு அடைகள், அந்த 'எ', 'தி' தொல்லை அங்கே அறவே கிடையாது. என்னிடம் புத்தகம் இருக்கிறது என்று நாம் சொல்வது போலவே 'ஊ மின்யா யேஸ்த் க்னீகா' என்பார்கள். எனக்குக் குளிருது, எனக்கு இருபது வயசு, எனக்குப் பிடிக்கும் என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்லும் மூன்றையும் அவர்களும் 'எனக்கு' (ம்ன்யே) என்றே சொல்கிறார்கள். இந்த இடத்துக்கு வந்த அன்று ஆங்கில விளக்கத்தை ஒதுக்கிவிட்டு நோட்டின் ஒரு பக்கம் ருஷ்யனும் மறுபக்கம் நேராகத் தமிழும் எழுதத் தொடங்கினேன். அதன்பின் படிப்பு ஓடியது. ஆங்கிலத்தில் எழுதிய இலக்கண விளக்கத்தைத் தினமும் படித்ததால் ஆங்கிலமும் கூடவே வந்துவிட்டது தனிக்கதை.

விளி வேற்றுமையைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் அண்ணா, தம்பீ, முருகா என்று எட்டாவதை இன்றும் தெருவெல்லாம் வழங்குகிறோம். ருஷ்யனில் அது தேய்ந்து, முக்கியமாகக் கடவுளைக் கூப்பிடும் 'போஷெ', 'கோஸ்பதி' போன்ற சொற்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடவுளை மறுத்த ஆட்சி 70 ஆண்டு நடந்த நாட்டில் இது பிழைத்துக் கிடந்தது!

பிரெஞ்சுப் புதுவையும் கை கொடுத்தது. ருஷ்யப் பிரபுக்கள் ஒரு காலத்தில் பிரெஞ்சில் பேசியவர்கள், அதனால் அம்மொழியில் பிரெஞ்சுச் சொல் ஏராளம். நாம் புல்வார் என்பதை அவர்களும் புல்வார் என்றே சொல்கிறார்கள். நம் சொல்தா அங்கே சல்தாத். கடற்கரை ப்ல்யாஷ். புஷ்கின் படித்த பள்ளியும் ஒரு லிசேதான், அவர்கள் லிட்ஸேய் என்பார்கள்.

எல்லாம் இனிப்பு என்று எண்ண வேண்டாம். மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், சன்னல் இரண்டுமில்லை என்றால் தமிழ் மூளை முரண்டு பிடிக்கிறது. பொருளைப் பார்த்துப் பால் சொல்லும் நமக்கு, சொல்லின் வாலைப் பார்த்துப் பால் சொல்வது கடைசிவரை செயற்கைதான். போவது என்ற வினை அதைவிடக் கொடுமை. தவளக்குப்பத்திலிருந்து அரியாங்குப்பத்துக்கு நடந்து போனால் 'இதூ', பஸ்ஸில் போனால் 'யேது', தினமும் நடந்து போய்வந்துகொண்டிருந்தால் 'ஹஷூ'. நமக்கு 'போறேன்' ஒன்றே போதும். வினையில் முடிந்தது, முடியாதது என்று ஜோடி ஜோடியாக வருவதைப் படித்தேன், படித்துவிட்டேன் என்ற வேறுபாட்டை வைத்து ஓரளவு சமாளிக்கலாம், முழுக்க முடியாது.

ஒலிதான் புத்தகத்தால் தர முடியாதது. அழுத்தம் விழாத 'ஒ', 'அ'வாகிவிடும். பால் என்பதை 'மொலொகோ' என்று எழுதி 'மலகோ' என்பார்கள். அழுத்தம் எங்கே விழும் என்று பாடநூல் சின்னக் கோடு போட்டுக் காட்டும், மற்ற நூல்களில் அந்தக் கோடு இருக்காது. மாஸ்கோ வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் ருஷ்யப் பாடம் வரும். இரைச்சலுக்கு நடுவே சிற்றலையில் காதை ஒட்டிக் கேட்டதுதான் எனக்குக் கிடைத்த ஒரே ஆசிரியர் குரல்.

இதே வழியில் எதிர்த்திசையில் நடந்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. அலெக்சாந்தர் மேர்வார்த் 1914ல் தம் மனைவியுடன் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து, திரும்பிப் போய், 1929ல் லெனின்கிராதில் தமிழ்ப் பேச்சுமொழி இலக்கணம் வெளியிட்டார். அடுத்த ஆண்டே கைதாகி, 1932ல் முகாமில் மாண்டார். நம் பேச்சுமொழிக்கு இலக்கணம் எழுதியவருக்கு நேர்ந்த கதி இது. நம்மூரில் அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை என்பது என் வருத்தம். பின்னர் பியாதிகோர்ஸ்கியும், செம்பியன் என்று தமிழ்ப் பெயர் சூடிக்கொண்ட ருதினும் தொகுத்த தமிழ்–ருஷ்ய அகராதி 1960ல் வந்தது. அதைச் செப்பம் செய்தவர் நம்மவரான பூர்ணம் சோமசுந்தரம். ருஷ்யனிலிருந்தே நேராகத் தமிழுக்குக் கதைகளைக் கொண்டுவந்த பூ. சோமசுந்தரம் அவரே. ஆந்த்ரோனவின் தமிழ் இலக்கணத்தை 1969ல் ஆங்கிலத்தில் சென்னையில் வெளியிட்டது அதே நியூ செஞ்சுரி நிறுவனம். மாஸ்கோவில் பல தலைமுறைக்குத் தமிழ் கற்பித்த துபியான்ஸ்கி 2020ல் கொரோனாவில் மறைந்தார்.

1991ல் சோவியத் யூனியன் கலைந்தது. மலிவு நூல்கள் நின்றன. "இப்ப அந்த நாடே இல்லியே, இன்னாத்துக்கு இன்னும் அதைப் படிக்கிறே?" என்று வீட்டில் கேட்டார்கள். செகாவ் இருக்கிறாரே என்று சொன்னேன். அதற்குள் நான் பள்ளி ஆசிரியனாகியிருந்தேன். மாலை நேரத்தில் அகராதியோடு அவரது சிறுகதைகளை நாளுக்கு அரைப்பக்கம் வீதம் படித்தேன். வேகம் இன்றும் பெரிதாகக் கூடவில்லை.

2017ல் அபிஷேகப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பி தேடி வந்தான். ருஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிறானாம். "பாடமெல்லாம் இங்கிலீஷ்லதான் சார், ஆனா வார்டுல நோயாளி ருஷ்யன்லதான பேசுவாங்க" என்றான். போனில் ஏதேதோ பாடங்கள் வைத்திருந்தான். வணக்கம், நன்றி, தண்ணீர் எல்லாம் அழகாகச் சொன்னான். ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னால் நின்றுவிட்டான். அவனும் தமிழ் வழிதான்.

"வேற்றுமை எட்டும் ஞாபகம் இருக்கா தம்பி?" என்றேன்.

"பத்தாவதோட விட்டாச்சு சார்" என்று சிரித்தான். ஆனால் ஒவ்வொன்றாகக் கேட்டபோது ஏழு வந்தது.

மூன்று மாதம், ஞாயிறுதோறும் திண்ணையில் உட்கார்ந்தோம். அதே மூன்று ரூபாய்ப் புத்தகம், இடப்பக்கம் ருஷ்யன், வலப்பக்கம் தமிழ். 'எங்கே வலிக்குது?', 'உங்களுக்கு எத்தனை வயசு?', 'எனக்கு மூச்சு விட முடியல' என்று நோயாளி பேசும் பேச்சாகவே எடுத்துக்கொண்டோம். பெரும்பாலும் நான்காம் வேற்றுமையிலேயே அடங்கிவிட்டது. அங்கே போய் முதல் குளிர்காலத்தில் எனக்கு அவன் ருஷ்ய எழுத்திலேயே நாலு வரி அனுப்பியிருந்தான். 'எனக்கு ரொம்பக் குளிருது சார்' என்பது முதல் வரி. உருபு சரியாக இருந்தது.

புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நம் மாணவர் யாருக்கேனும் வேண்டுமானால் சங்கச் செயலாளரிடம் சொல்லி வைக்கவும், கொடுத்தனுப்புகிறேன். பதினோராம் பாடத்தில் இரண்டு தாள் காணோம். அதைக் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.