கிளாஸ்கோ மாநகரின் ட்ராம் பட்டறை

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் ஆட்சியாளரையும், ஆலயங்களையும், துறைமுகத்தையும், வணிகத்தையும் பற்றி விரிவாக எழுதுவர். அந்நகர மாந்தரை நாள்தோறும் வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் ஏற்றிச் சென்ற வண்டிகள் எங்கே செய்யப்பட்டன, எவர் கைகளாற் பழுது பார்க்கப்பட்டன என்பவற்றை ஆராய்வோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு நகரம் தன் பொதுப்பணிகளைத் தானே நடத்தும் ஆற்றலை எவ்வாறு பெற்றது, பின்னர் எவ்வாறு இழந்தது என்பதை அறிய அத்தகைய பட்டறைகளின் வரலாறே பெரிதுந் துணை செய்யும். ஸ்கொட்லாந்தின் பெருநகராகிய கிளாஸ்கோவில், கிளைட் நதியின் தென்பால், அல்பேர்ட் டிறைவ் என்னும் வீதியில் அமைந்த கொப்பிளோஹில் ட்ராம் பட்டறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

கிளாஸ்கோவில் குதிரைகள் இழுத்த ட்ராம் வண்டிகள் 1872ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 19ஆந் தேதி ஓடத் தொடங்கின. வீதியிற் பதித்த தண்டவாளங்கள் மாநகர சபையின் உடைமை. அவற்றின்மேல் வண்டியோட்டும் உரிமையோ ஒரு தனியார் கம்பனிக்குக் குத்தகையாக விடப்பட்டிருந்தது. பாதை பொதுமக்களுடையது, வண்டியும் குதிரையும் வருவாயும் கம்பனியுடையன என்னும் இந்த ஏற்பாடு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்தது. குத்தகை முடியுங் காலம் அணுகியபோது, தொழிலாளரின் வேலைநேரம் முதலியவை பற்றிச் சபை விதிக்க விரும்பிய நிபந்தனைகளைக் கம்பனி ஏற்கவில்லை. வண்டிகளையும் உபகரணங்களையும் சபைக்கு விற்பது பற்றிய பேச்சும் உடன்பாட்டில் முடியவில்லை. கம்பனி தன் குதிரை பஸ்களைக் கொண்டு அதே வீதிகளிற் போட்டியிடவும் ஆயத்தமாயிற்று.

சபையின் கையில் எஞ்சியிருந்தவை தண்டவாளங்கள் மாத்திரமே. வண்டியில்லாப் பாதையால் யாது பயன்? ஆகவே சபை ஆயிரக்கணக்கான குதிரைகளை வாங்கியது, ஊழியரைச் சேர்த்தது, புதிய கொட்டில்களை எழுப்பியது. அவற்றுடன் வண்டி கட்டுவதற்கென எழுந்ததே கொப்பிளோஹில் பட்டறை. 1894ஆம் ஆண்டு ஜூலை முதலாந் தேதி சபையின் சொந்த வண்டிகள் வீதிக்கு வந்தன. ஜோன் யங் என்பார் முதற் பொது முகாமையாளராகப் பொறுப்பேற்றார். பட்டறையின் தோற்றத்துக்கு முன்கூட்டி வகுத்த பெருந்திட்டம் எதுவுங் காரணமன்று. பிறர் விற்க மறுத்ததைத் தாமே செய்துகொள்ள வேண்டிய நெருக்கடியே காரணமாகும். இவ்வாறு கட்டாயத்தினாற் பிறந்த ஒரு நிறுவனம் சில ஆண்டுகளுள் நகரத்தின் பெருமைகளுள் ஒன்றாயிற்று.

1898ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 13ஆந் தேதி ஸ்பிறிங்பேணுக்கும் மிச்செல் வீதிக்கும் இடையே மின்சார ட்ராம் முதன்முதலாக ஓடிற்று. அதற்கான வண்டிகளையும் கொப்பிளோஹில் பட்டறையே கட்டிற்று. நடுவில் வாயிலும், அதன் இரு புறத்திலும் புகைப்பிடிப்போர்க்கும் ஏனையோர்க்கும் வெவ்வேறான அறைகளுங் கொண்ட அவ்வொற்றைத் தட்டு வண்டிகளை மக்கள் ‘அறையும் அடுக்களையும்’ என்று அழைத்தனர். ஓர் அறையும் ஓர் அடுக்களையுமே கொண்ட வீடுகளில் அந்நகரத் தொழிலாளர் குடும்பங்கள் பல வாழ்ந்தன. தம் வீட்டின் பெயரையே அவர்கள் வண்டிக்கும் இட்டுவிட்டனர். 1901ஆம் ஆண்டில் பிங்ஸ்டன் மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. 1902ஆம் ஆண்டளவிற் குதிரை ட்ராம்கள் முற்றாக மறைந்தன.

ஆயினும் பட்டறைக்கு நிலைத்த புகழைத் தேடித் தந்தது ‘ஸ்டாண்டர்ட்’ என்னும் இரு தட்டு வண்டியேயாகும். 1898 முதல் 1924 வரையில் அவ்வகை வண்டிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை கொப்பிளோஹில்லிலேயே உருவாயின. மோட்டார்கள் முதலியவற்றை வெளி நிறுவனங்கள் வழங்கின. மரச்சட்டம், தளம், படிக்கட்டு, இருக்கை, கண்ணாடி, வர்ணம் ஆகிய யாவும் பட்டறையின் தச்சர், கொல்லர், வர்ணக்காரர் ஆகியோரின் கைவேலை. இவ்வண்டிகளின் சிறப்பு, கட்டி முடித்ததோடு அவற்றின் வரலாறு முடியாமையே. தொடக்கத்தில் மேற்றட்டு கூரையின்றித் திறந்து கிடந்தது. கிளாஸ்கோவோ மழை மிகுந்த நகரம். எனவே பின்னர்க் கூரை அமைக்கப்பட்டது. அதன்பின் சாரதி நிற்கும் மேடை அடைக்கப்பட்டது. இறுதியில் மேற்றட்டு முழுவதும் மூடப்பட்டது. இவ்வாறு ஒரே வண்டி பலமுறை பட்டறைக்குத் திரும்பி வந்து, ஒவ்வொரு முறையும் புதுவடிவு பெற்றுச் சென்றது. தந்தையர் காலத்திற் கட்டிய வண்டியை மைந்தர் காலத்திற் புதுக்கும் நிலை அங்கே ஏற்பட்டது. நூலில் எழுதப்படாத தொழிலறிவு ஒரு தலைமுறையிலிருந்து மறுதலைமுறைக்குச் சென்ற வழியும் இதுவே.

மக்களோடு பட்டறைக்கிருந்த தொடர்பை வர்ணங்கள் காட்டும். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை ஆகிய ஐந்து நிறங்களுள் ஒன்று மேற்றட்டின் பக்கத்திற் பட்டையாகத் தீட்டப்பட்டது. தூரத்தில் வரும்போதே நிறத்தைக் கண்டு, அஃது எத்தடத்து வண்டியென எழுத்தறியாதவரும் அறிந்துகொண்டனர். 1938ஆம் ஆண்டு முதல் தடங்களுக்கு இலக்கமிடும் முறை புகுந்தமையால் நிறப்பட்டைகள் படிப்படியாக மறைந்தன. எனினும் முதியோர் பலர் வண்டியை நிறத்தின் பெயராலேயே நெடுங்காலம் குறிப்பிட்டு வந்தனர்.

இவ்விடத்தில் இன்னொரு நுட்பமும் நோக்கற்பாலது. புகையிரதப் பாதைகளின் வழக்கமான அகலம் 4 அடி 8½ அங்குலம். கிளாஸ்கோ ட்ராம் பாதையின் அகலமோ 4 அடி 7¾ அங்குலம். முக்கால் அங்குலத்தைக் குறைத்தது வீண் பிடிவாதத்தாலன்று. புகையிரதச் சரக்கு வண்டிகளின் சில்லு விளிம்புகள் ட்ராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் இறங்கி ஓடுமாறு இவ்வளவு கணிக்கப்பட்டது. அதனால் கோவன் பகுதியிலிருந்த கப்பல் கட்டும் தலங்களுக்கு வேண்டிய பொருள்கள் வீதித் தண்டவாளங்களின் வழியே சென்றன. கப்பற்றொழிலுக்கு உதவிய அதே முக்கால் அங்குலம், பிற நகரங்களின் வண்டிகளை அப்படியே வாங்கி ஓட்டுவதற்குத் தடையாகவும் நின்றது. கிளாஸ்கோவின் வண்டியைக் கிளாஸ்கோவே செய்துகொள்ள வேண்டும் என்னும் நிலையை இதுவும் உறுதிப்படுத்திற்று.

ஜோன் யங்கின் பின் 1904 முதல் 1926 வரை பொது முகாமையாளராயிருந்த ஜேம்ஸ் டல்றிம்பிள் காலத்தில் ட்ராம் திணைக்களம் பிற நாட்டவரும் வந்து பார்த்துச் செல்லத்தக்க நிலையை அடைந்தது. 1914ஆம் ஆண்டு போர் மூண்டபோது, திணைக்களத்து ஊழியருள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் 16 மணி நேரத்துள் ஒரு படைப்பிரிவாகத் திரண்டனர். அவர்தம் இடத்தை நிரப்ப 1915ஆம் ஆண்டிற் பெண்கள் கொண்டக்டர்களாகச் சேர்க்கப்பட்டனர். சாரதிகளாகவும் சிலர் பணிபுரிந்தனர்.

1937ஆம் ஆண்டில், ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டிக் ‘கொறொனேஷன்’ எனப் பெயரிட்ட வண்டிகள் வெளிவந்தன. முன்மாதிரிகள் இரண்டையுஞ் சேர்த்து 1941 வரையில் 152 வண்டிகள் கட்டப்பட்டன. வளைந்த வடிவும், மெத்தையிட்ட இருக்கையும் கொண்ட அவை பிரித்தானியாவின் மிகச் சிறந்த ட்ராம் வண்டிகளுள் வைத்து எண்ணப்பட்டன. அடுத்த ஆண்டு பெலஹூஸ்டன் பூங்காவில் நடந்த பேரரசுக் கண்காட்சிக்கு வந்தோர் பலர் இவ்வண்டிகளிற் பயணஞ் செய்தனர். போருக்குப் பின்னர், 1948 முதல் 1952 வரையில், ‘குனாடர்’ என்று மக்கள் அழைத்த நூறு வண்டிகள் உருவாயின. 1948ஆம் ஆண்டு நியூலண்ட்ஸ் டிப்போவில் நிகழ்ந்த தீவிபத்தில் அழிந்தவற்றுக்கு ஈடாக 1954இல் மேலும் ஆறு வண்டிகள் கட்டப்பட்டன. புது வண்டி கட்டும் பணி அவற்றோடு நின்றது.

இதே காலத்தில் லிவர்பூல் நகரம் கைவிட்ட வண்டிகள் 46ஐக் கிளாஸ்கோ விலைக்கு வாங்கி, அவற்றின் சில்லுகளைத் தன் பாதைக்கேற்ப மாற்றி ஓட்டிற்று. பிற நகரங்களுக்கு வழிகாட்டியாயிருந்த பட்டறை, பிறர் கழித்தவற்றைத் திருத்தும் இடமாயிற்று. 1924க்கு முன் கட்டிய ஸ்டாண்டர்ட் வண்டிகளும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. நெடுங்காலம் உழைக்கும் வண்டியைச் செய்ததே பட்டறையின் பெருமை. பழைய வண்டிகள் மிகுந்தமையே பின்னர் ட்ராமுக்கு எதிரான வாதமுமாயிற்று. மோட்டார்க் கார்கள் பெருகின. நகர எல்லைக்கு வெளியே புதிய குடியிருப்புகள் எழுந்தன. அங்கெல்லாம் தண்டவாளம் பதிக்கும் செலவை விட பஸ் ஓட்டுவது எளிதாகத் தோன்றிற்று. 1949இல் ட்றொலி பஸ்களும் புகுந்தன. 1961ஆம் ஆண்டு டல்மார்னக் டிப்போவில் மூண்ட தீ 50 வண்டிகளை அழித்தது.

1962ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 4ஆந் தேதி இறுதி ஊர்வலம் நடைபெற்றது. வெவ்வேறு காலத்து வண்டிகள் இருபது, டல்மார்னக்கிலிருந்து புறப்பட்டு நகரின் நடுவே சென்று கொப்பிளோஹில்லை அடைந்தன. மழையையும் பொருட்படுத்தாது ஏறத்தாழ 2,50,000 மக்கள் வீதியோரங்களில் திரண்டு நின்றனர். பலர் தண்டவாளத்தின்மேல் பென்னிக் காசுகளை வைத்து, சில்லுகளால் நசுங்கிய அவற்றை நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றனர். வண்டிகள் பிறந்த இடத்திலேயே அவற்றின் பயணமும் முடிவுற்றது.

பட்டறைக் கட்டடம் 1964இற் போக்குவரத்து நூதனசாலையாயிற்று. அந்நூதனசாலை பின்னர் வேறிடம் சென்றது. 2011 முதல் நதிக்கரையிலுள்ள ரிவர்சைட் நூதனசாலையில் அவ்வண்டிகள் வைக்கப்பட்டுள்ளன. வெறிதான பட்டறைக்கு 1988ஆம் ஆண்டில் எதிர்பாராத ஒரு வாழ்வு கிடைத்தது. பீற்றர் புறூக் என்னும் நாடக நெறியாளர் தாம் மேடையேற்றிய மகாபாரதத்துக்குப் பிரித்தானியாவில் தேர்ந்துகொண்ட இடம் இதுவே. ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் நீண்ட அந்நாடகத்திற் பல நாட்டு நடிகர் பங்குகொண்டனர். திரௌபதியாக மல்லிகா சாராபாய் நடித்தார். தச்சரும் கொல்லரும் நின்ற தளத்திற் பாண்டவரும் கௌரவரும் நின்றனர். அதன் பயனாக அக்கட்டடம் ‘ட்ராம்வே’ என்னும் பெயருடன் கலைமன்றமாக நிலைபெற்றது. பழைய தண்டவாளங்களை அதன் தளத்தில் இன்றுங் காணலாம்.

கட்டடம் பிழைத்தது; சில வண்டிகளும் பிழைத்தன. பிழையாதது பட்டறையின் தொழிலறிவு. ஆயிரம் வண்டிகளை ஆக்கவும் புதுக்கவும் வல்ல கைகள் ஒரே கூரையின் கீழ்ச் சேர்ந்திருந்ததே கிளாஸ்கோவின் உண்மையான செல்வம். 1894இல் தண்டவாளம் மட்டுமே கொண்டு திகைத்த சபைக்கு, உடைமை வேறு, ஆற்றல் வேறு என்பது தெளிவாயிற்று. ஆறாண்டு கடன்பட்டாவது வண்டிகளை வாங்கிவிடலாம். அவற்றைச் செய்யக் கற்ற ஒரு சமுதாயத்தை அவ்வாறு வாங்கவியலாது. அச்சமுதாயம் உருவாக இரு தலைமுறைகள் சென்றன. அது கலைவதற்குச் சில ஆண்டுகளே போதுமாயிருந்தன. ட்ராமைக் கைவிட்டது தவறோ சரியோ என்பதில் அறிஞர் மாறுபடலாம். பொதுப்பணி ஒன்றைக் கைவிட முற்படுவோர், வண்டிகளின் விலையோடு அவற்றைச் செய்தோரின் திறமையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்பதே கொப்பிளோஹில் வரலாறு உணர்த்தும் பாடமாகும்.