ஓர் அடியின் வேறுபாடு: 1945-ஆம் ஆண்டு கோல்ப் பந்தயங்களின் வரலாறு

விளையாட்டின் வரலாறும் வரலாறே. அரசர்தம் போர்களையும் உடன்படிக்கைகளையும் நோக்கும் அதே கண்ணோடு நோக்கினால், ஓராண்டுப் பந்தயங்களும் அக்காலத்து மக்களின் நிலையை நமக்கு எடுத்துக்காட்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1945-ஆம் ஆண்டில் நடைபெற்ற தொழில்முறை கோல்ப் பந்தயங்களை அவ்வகையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வாண்டில் பைரன் நெல்சன் என்னும் ஆட்டக்காரர் 18 பந்தயங்களில் வெற்றி கண்டார். அவற்றுள் 11 வெற்றிகள் இடையறாது தொடர்ந்து வந்தவை. இவ்விரு எண்களையும் இன்றுவரை எவரும் எட்டவில்லை. ஆயினும், அவை போர்க்காலத்து வெற்றிகள், வல்லவர் பலர் களத்தில் இல்லாதபோது கிடைத்த வெற்றிகள் என்று குறைத்துக் கூறுவாரும் உளர். அக்கூற்று எவ்வளவு உண்மை என்பதே நம்முன் உள்ள வினா.

ஆட்டத்தின் இயல்பு

துரைமார் கிளப்புகளை அடுத்த புல்வெளிகளில் இவ்வாட்டத்தை வேலிக்கு வெளியே நின்று கண்டவர் நம்மிடையே பலர் உண்டு. ஒரு சுற்றுக்கு 18 குழிகள். ஒவ்வொரு குழியிலும் பந்தைச் சேர்க்க எத்தனை அடி அடித்தோம் என்று கணக்கிடுவர். மொத்தத்தில் குறைந்த அடிகளில் முடித்தவரே வென்றவர். தொழில்முறைப் பந்தயங்கள் பெரும்பாலும் நான்கு சுற்றுகள், அதாவது 72 குழிகள் கொண்டவை. இதில் எதிரியின் பந்தை எவரும் தடுப்பதில்லை. ஒவ்வொருவரும் தம் பந்தோடும் தம் குறையோடுமே போராடுகின்றனர். இதனை மனத்திற் கொண்டால்தான் நெல்சனின் சாதனை விளங்கும்.

சுமை தூக்கிய சிறுவர்

நெல்சன் 1912-இல் டெக்சஸ் மாநிலத்தில், வாக்ஸஹாச்சி என்னும் ஊரின் அருகே பிறந்தார். போர்ட் வொர்த் நகரத்துக் கிளென் கார்டன் கிளப்பில், ஆடுவோரின் மட்டைப் பையைச் சுமந்து சென்று கூலி பெறும் பையனாக இவ்வாட்டத்தை அறிந்துகொண்டார். அதே கிளப்பில் பை சுமந்த இன்னொரு சிறுவர், பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற பென் ஹோகன். 1927-இல் பை சுமக்கும் பையன்களுக்கென நடந்த போட்டியில் இருவரும் சமமாக நின்று, மீண்டும் ஆடியபோது நெல்சன் ஓர் அடி வேறுபாட்டில் வென்றார். அப்போது இருவருக்கும் வயது 15.

போருக்கு முன்பே நெல்சன் முன்வரிசைக்கு வந்துவிட்டார். 1937-இல் மாஸ்டர்ஸ் பந்தயம், 1939-இல் அமெரிக்க ஓப்பன், 1940-இல் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தின் பி.ஜி.ஏ. பட்டம் ஆகியவை அவருடையவை. 1942-இல் மீண்டும் மாஸ்டர்ஸில் ஹோகனோடு சமநிலை ஏற்பட, மறு ஆட்டத்தில் 70-க்கு 69 என்று வென்றார். இங்கும் வேறுபாடு ஓர் அடியே.

போரும் ரப்பரும்

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்கா வாங்கிவந்த ரப்பரில் மிகப் பெரும்பகுதி மலாயாவிலிருந்தும் அதனை அடுத்த டச்சுத் தீவுகளிலிருந்தும் சென்றது. அக்காலத்துக் கோல்ப் பந்தின் உட்பகுதி ரப்பர் நூலை இறுகச் சுற்றிச் செய்யப்பட்டது. நம் தோட்டத்துப் பால் அங்கே செல்லாது நின்றதும், எஞ்சிய ரப்பர் போர்த்தேவைக்கென ஒதுக்கப்பட்டது. புதுப்பந்து செய்தல் நின்றுபோனது. பழைய பந்துகளைப் புதுப்பித்தே அங்கே ஆட வேண்டியதாயிற்று. இவ்வாறு, மலாயாவில் மரம் சீவிய கையும் டெக்சஸில் மட்டை பிடித்த கையும் ஒரே போரால் வருந்தின. ஒன்று பெருந்துன்பத்தாலும் மற்றொன்று சிறு முடையாலும் என்பதையும் மறத்தலாகாது.

பெரும் பந்தயங்களும் நின்றன. அமெரிக்க ஓப்பன் 1942 முதல் 1945 வரை நடைபெறவில்லை. மாஸ்டர்ஸ் 1943 முதல் மூன்றாண்டுகள் நடைபெறவில்லை. ஆட்டக்காரர் பலர் படையிற் சேர்ந்தனர். நெல்சனுக்கு இரத்தம் எளிதில் உறையாத குறை இருந்ததால் படையில் சேர்க்கப்படவில்லை. அவரும் நண்பர் ஹரால்டு மெக்ஸ்பேடனும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் படைவீரர் நலனுக்கும் நிதி திரட்டப் பல காட்சி ஆட்டங்கள் ஆடினர்.

குறிப்பேடு

1944-இல் நெல்சன் ஒரு குறிப்பேடு வைத்து, தாம் ஆடிய ஒவ்வொரு சுற்றைப் பற்றியும் எழுதிவந்தார். அவ்வாண்டில் அவர் வென்ற பந்தயங்கள் 8. சுற்றுக்குச் சராசரி 69.67 அடிகள். இதனோடு நிறைவுற்றிருக்கலாம். அவர் செய்தது வேறு. ஆண்டிறுதியில் ஏட்டைப் புரட்டிப் பார்த்தபோது இரண்டு குறைகள் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருந்தன. ஒன்று, குழியை அடுத்த புல்தரையின் ஓரத்திலிருந்து பந்தை மெல்லத் தட்டிச் சேர்க்கும் அடியில் செம்மையின்மை. மற்றொன்று, கவனக்குறைவான அடி. வரும் ஆண்டில் இவ்விரண்டையும் களைவதென உறுதிகொண்டார்.

வள்ளுவர் குற்றங்கடிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கடிதற்கு முன் குற்றத்தைக் காணவேண்டும். கண்டதை எழுதியும் வைத்தால் மறப்பு வந்து மூடாது. 1945-இல் நெல்சனின் சராசரி 68.33 அடிகள். சுற்றுக்கு ஓர் அடியும் மூன்றில் ஒரு பங்கும் குறைந்தது, அவ்வளவே. ஆனால் நான்கு சுற்றுகளில் அது ஐந்து அடிகளுக்கு மேலாகிறது. முதலிடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள தொலைவு பல பந்தயங்களில் அதனினும் குறைவு. எட்டு வெற்றி பதினெட்டாக உயர்ந்தது இதனால்தான்.

மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை

தொடர் வெற்றி மார்ச்சு மாதம் மயாமியில் தொடங்கியது. அது இருவர் இணைந்து ஆடும் பந்தயம். நெல்சனின் இணை மெக்ஸ்பேடன். அடுத்து வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில் சாம் ஸ்னீடும் நெல்சனும் சமமாயினர். மறு ஆட்டமாக 18 குழிகள் ஆடியும் சமநிலை தீரவில்லை. மேலும் 18 குழிகள் ஆடியே நெல்சன் வென்றார். பின்னர்க் கிரீன்ஸ்போரோ, டர்ஹம், அட்லாண்டா, மான்ட்ரியல், பிலடெல்பியா, சிகாகோ எனத் தொடர்ந்தது.

ஜூலையில் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் பி.ஜி.ஏ. பட்டப்போட்டி. அது இருவர் நேருக்கு நேர் நின்று, தோற்றவர் அன்றே வெளியேறும் முறை. ஒருநாள் சறுக்கினால் தொடர் முடிந்துவிடும். இரண்டாம் சுற்றில் மைக் டர்னேசா என்பவரிடம், நான்கு குழிகளே எஞ்சிய நிலையில் இரண்டு குழிகள் பின்தங்கியிருந்த நெல்சன், மீண்டு வந்து வென்றார். இறுதியாட்டத்தில் சாம் பேர்டைத் தோற்கடித்தார். அதன்பின் சிகாகோ அருகே டாம் ஓ ஷான்டர் பந்தயத்தில் 11 அடி வேறுபாட்டில் வெற்றி. பதினோராவது, ஆகஸ்டு தொடக்கத்தில் நடந்த கனடா ஓப்பன்.

ஜப்பான் சரணடைந்த அதே வாரத்தில் மெம்பிஸ் நகரில் தொடர் அறுந்தது. அங்கு வென்ற பிரெட் ஹாஸ் பரிசுப்பணம் பெறாத அமெச்சூர் ஆட்டக்காரர். அவ்வாண்டில் மெக்ஸ்பேடன் 13 முறை இரண்டாம் இடம் பெற்றார் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. வேறோர் ஆண்டாயின் அவர் பெயரே முதலில் நின்றிருக்கக் கூடும்.

களத்தில் இருந்தவரும் இல்லாதவரும்

இனி வினாவுக்கு வருவோம். வல்லவர் எவருமே இல்லை என்பது பொருந்தாது. ஸ்னீடு கடற்படையிலிருந்து 1944-இலேயே விடுபட்டு, 1945-இல் 6 பந்தயங்களை வென்றார். ஹோகன் 1945-இன் பிற்பகுதியில் முழுமையாகத் திரும்பி 5 வென்றார். போர்ட்லண்டில் ஹோகன் 72 குழிகளை 261 அடிகளில் முடித்து, நெல்சனை 14 அடிகள் பின்னுக்குத் தள்ளினார். இரண்டு வாரத்தில் சியாட்டிலில் நெல்சன் 259 அடிகளில் முடித்து விடையிறுத்தார். அன்றியும் அடிகளின் எண்ணிக்கை எதிராளியைப் பொறுத்ததன்று. 68.33 என்னும் சராசரியைவிடக் குறைந்த ஒன்றைக் காண 55 ஆண்டுகள் சென்றன. 2000-இல் டைகர் வுட்ஸின் சராசரி 68.17.

எனினும் களம் நிறைந்திருந்தது என்று கூறுவதும் பொருந்தாது. படைக்குச் சென்றவரைப் பலரும் கணக்கிடுகின்றனர். விதியால் வெளியே நிறுத்தப்பட்டவரைக் கணக்கிடுவார் அரியர். வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்னும் விதி அக்காலத்தில் பி.ஜி.ஏ. சங்கத்தில் இருந்தது. டாம் ஓ ஷான்டர் போன்ற ஒருசில பந்தயங்களே கறுப்பு இனத்தவர்க்கு இடமளித்தன. நெல்சன் வென்ற அதே சார்லட் நகரில் பிறந்து, அவரைப் போலவே சிறுவயதில் மட்டைப் பை சுமந்தவர் சார்லி சிபோர்டு. அவர் படையில் பணியாற்றித் திரும்பியும் அவ்விதி திறக்கவில்லை. 1961-இல் கிரீன்ஸ்போரோவில் வசவுகளைச் சகித்துக்கொண்டு ஆடினார். அவ்வாண்டு நவம்பரில்தான் விதி நீக்கப்பட்டது. 1967-இல் ஹார்ட்பர்டு நகரில் அவர் வென்றபோது வயது 45.

ஆகவே நாம் கூறத்தக்கது இது: எண்கள் உண்மை, உழைப்பு உண்மை, களம் மட்டும் முழுமையன்று. அக்குறை நெல்சனுடையதன்று, ஆட்டத்தை நடத்தியவர்களுடையது.

பருவத்துக்குப் பின்

1945-இல் நெல்சன் பெற்ற பரிசு 63 ஆயிரம் டாலருக்குச் சற்று மேல். அதுவும் யுத்தக் கடன் பத்திரங்களாக. சொந்தமாக ஒரு மாட்டுப் பண்ணை வாங்குவதே அவர் நோக்கம். ஒவ்வொரு வெற்றியையும் சில ஏக்கர் நிலமாகவும் சில மாடுகளாகவும் எண்ணியே ஆடினார். 1946-இல் டெக்சஸில் ரோனோக் என்னும் ஊரில் பண்ணையை வாங்கினார்.

அவ்வாண்டு அமெரிக்க ஓப்பன் மீண்டும் நடந்தது. படைக்குச் சென்றவர் பலரும் வந்திருந்தனர். மூன்றாம் சுற்றில் கூட்டம் நெருக்க, நெல்சனின் பை சுமந்தவரின் கால் தவறிப் பந்தின்மேல் பட்டது. விதிப்படி ஓர் அடி தண்டனை. முடிவில் நெல்சன் மற்றிருவரோடு சமமாகி, மறு ஆட்டத்திலும் மூவரும் சமமாகி, அடுத்ததில் லாயிட் மங்ரமிடம் ஓர் அடியில் தோற்றார். 1927-இல் அவரை உயர்த்தியதும் ஓர் அடி. 1946-இல் பட்டத்தைத் தவறவிட்டதும் ஓர் அடி. அவ்வாண்டு இறுதியில், 34 வயதில், முழுநேர ஆட்டத்தை விட்டுப் பண்ணைக்குச் சென்றார். 2006-இல் மறைந்தார்.

மாணவரிடம் சாதனையைச் சொல்லும்போது ஆசிரியர்கள் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்துதல் போதாது. அந்த எண்ணுக்குப் பின்னிருந்த குறிப்பேட்டையும், களத்துக்குள் விடப்படாதவர் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அப்போதுதான் அது வரலாறாகும்.