மூட்டு அசைவுகள்

மூட்டு அசைவுகள் என்பவை எலும்புகள் சேரும் இடங்களில் நிகழும் மடங்கல், நீளல், விலகல், சுழற்சி முதலிய இயக்கங்கள். உடற்கூற்றியலில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. அப்பெயர்கள் எல்லாம் ஒரே ஒரு நிற்கும் நிலையை அடிப்படையாகக் கொண்டவை. நோயாளி மல்லாந்து படுத்திருந்தாலும் குப்புறக் கிடந்தாலும் அவை மாறுவதில்லை.

உடற்கூற்றியல் நிலை

நிமிர்ந்து நின்று, முகமும் பாதங்களும் முன்னோக்க, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்புறம் திரும்பியிருப்பதே உடற்கூற்றியல் நிலை. உள்ளங்கை இப்படித் திரும்பும்போது முன்கையின் ரேடியஸ், அல்னா எலும்புகள் ஒன்றையொன்று குறுக்கிடாமல் இணையாக நிற்கும். கட்டைவிரல் வெளிப்பக்கம் அமையும். இடம், வலம் என்பவை எப்போதும் நோயாளியின் இடமும் வலமுமே. அதனால் வழக்கமான மார்பு எக்ஸ்ரேயில் நோயாளியின் வலப்பக்கம் பார்ப்பவருக்கு இடப்புறம் தெரியும்.

தளங்கள்

உடலை இடம், வலம் எனப் பிரிப்பது சாஜிட்டல் தளம். முன், பின் எனப் பிரிப்பது கொரோனல் தளம். மேல், கீழ் எனப் பிரிப்பது குறுக்குத் தளம். பெரும்பாலான மூட்டுகளில் மடக்கலும் நீட்டலும் முதல் தளத்திலும், விலக்கலும் அணைத்தலும் இரண்டாவதிலும், சுழற்சி மூன்றாவதிலும் நடக்கின்றன.

முக்கிய அசைவுகள்

மூட்டின் கோணத்தைக் குறைப்பது மடக்கல் அல்லது ஃபிளெக்‌ஷன். அதை மீண்டும் நிமிர்த்துவது நீட்டல் அல்லது எக்ஸ்டென்ஷன். முழங்கை முன்னோக்கி மடங்க, முழங்கால் பின்னோக்கி மடங்குகிறது. கருவளர்ச்சியில் கை வெளிப்புறமாகவும் கால் உட்புறமாகவும் சுமார் 90 பாகை திரும்புவதே இதற்குக் காரணம்.

நடுக்கோட்டிலிருந்து உறுப்பை அப்பால் கொண்டுசெல்வது விலக்கல் அல்லது அப்டக்‌ஷன். நடுக்கோட்டை நோக்கிக் கொண்டுவருவது அணைத்தல் அல்லது அடக்‌ஷன். விரல்களுக்கு மட்டும் கணக்கு வேறு: கையில் நடுவிரலும் காலில் இரண்டாம் விரலும் நடுக்கோடாகக் கொள்ளப்படும்.

தோள், இடுப்பு போன்ற பந்துக்கிண்ண மூட்டுகளில் உள்சுழற்சி, வெளிச்சுழற்சி இரண்டும் உண்டு. மடக்கல், விலக்கல், நீட்டல், அணைத்தல் நான்கும் வரிசையாகச் சேர்ந்தால் கையின் நுனி வட்டமிடும், இது சர்க்கம்டக்‌ஷன்.

முன்கையில் ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்காகப் புரண்டு உள்ளங்கை பின்னோக்குவது ப்ரொனேஷன். மீண்டும் முன்னோக்குவது சுபினேஷன். கட்டைவிரலின் அடியிலுள்ள சேண மூட்டு அவ்விரலை மற்ற விரல் நுனிகளோடு சேர்க்கிறது. பேனா பிடிக்கவும் பொத்தான் மாட்டவும் இந்த எதிர்கொள்ளல் அசைவு தேவை.

கணுக்காலில் பாதத்தை மேலே தூக்குவது டார்சிஃபிளெக்‌ஷன். கீழே அழுத்துவது பிளான்டர் ஃபிளெக்‌ஷன். உள்ளங்காலை உட்புறம் திருப்பும் இன்வெர்ஷனும் வெளிப்புறம் திருப்பும் எவெர்ஷனும் பெரும்பாலும் கணுக்கால் மூட்டுக்குக் கீழேயுள்ள மூட்டுகளில் நிகழ்கின்றன.

அளவிடுதல்

அசைவின் அளவைக் கோனியோமீட்டர் என்னும் கோணமானியால் அளக்கிறார்கள். பெரும்பாலான அசைவுகளுக்கு உடற்கூற்றியல் நிலையே 0 பாகை. முழங்கை சுமார் 150 பாகை வரையும் முழங்கால் சுமார் 135 பாகை வரையும் மடங்கும். கையைப் பக்கவாட்டில் தலைக்கு மேல் தூக்கும் 180 பாகையில் ஏறத்தாழ 120 தோள் மூட்டுக்கும், மீதி தோள்பட்டை எலும்பின் சுழற்சிக்கும் உரியவை. வயது, பயிற்சி, மூட்டு நெகிழ்வு ஆகியவற்றால் இந்த அளவுகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால் பாதிக்கப்பட்ட பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

மருத்துவத்தில்

எந்த அசைவு குறைந்தது என்பது நோயை அடையாளம் காட்டும். தோள் இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டரில் வெளிச்சுழற்சி குறிப்பாக அதிகம் பாதிக்கப்படும். கணுக்கால் சுளுக்குகளில் பெரும்பாலானவை பாதம் உட்புறம் புரள்வதால் வருபவை. அப்போது வெளிப்பக்க மூட்டு நார்கள் (லிகமென்ட்கள்) காயமடைகின்றன. விழுந்த முதியவரின் தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகியிருந்தால், கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருக்கும். இடுப்பு மூட்டு பின்னோக்கி நழுவினால் கால் மடங்கி, அணைந்து, உட்புறம் திரும்பியிருக்கும். இரண்டிலும் இடுப்பு வலியும் நடக்க இயலாமையும் பொதுவானவை என்பதால், எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே மருத்துவரை வழிநடத்துவது கால் திரும்பியிருக்கும் திசைதான்.