ஆரஞ்சு கவுன்டி: கணக்குக் கேட்போரும் ஆள்வோரும்

கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே இருக்கிறது ஆரஞ்சு கவுன்டி. கவுன்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. ஆட்சி ஐந்து பேர் கொண்ட மேற்பார்வையாளர் குழுவின் கையில். பணத்தை முதலீடு செய்யும் பொருளாளரையும், கணக்கைப் பார்க்கும் தணிக்கை அதிகாரியையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய அலுவலகச் செலவுக்குப் பணம் ஒதுக்குவது அதே குழுதான். கணக்குக் கேட்போருக்கும் ஆள்வோருக்கும் இடையிலான பூசலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1994இல் பொருளாளர் ராபர்ட் சிட்ரன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பதவியில் இருந்தவர். பள்ளிகள், நகராட்சிகள், குடிநீர் வாரியங்கள் என ஏறத்தாழ 200 அமைப்புகளின் 750 கோடி டாலர் அவரிடம் இருந்தது. அவர் கடன்பத்திரங்களை அடகு வைத்தார். கிடைத்த பணத்தில் மேலும் பத்திரங்கள் வாங்கினார். அவற்றையும் அடகு வைத்தார். முதலீடு 2,000 கோடி டாலரைத் தாண்டியது. வட்டி விகிதம் இறங்கியபோதெல்லாம் லாபம் கொட்டியது. கொட்டும் பணத்தைக் கண்ட குழு, அது வரும் வழியைக் கேட்கவில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் சிட்ரனை எதிர்த்து நின்ற கணக்காளர் ஜான் மூர்லாக், ஆபத்தை வெளிப்படையாகச் சொன்னார். தோற்றார். கோடையில் குழு இன்னும் 60 கோடி டாலர் கடன் வாங்க அனுமதித்தது, அதுவும் இதே முதலீட்டில் போடுவதற்காக.

அமெரிக்க மத்திய வங்கி அந்த ஒரே ஆண்டில் வட்டி விகிதத்தை 3 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாக ஏற்றியது. பத்திரங்களின் விலை சரிந்தது. இழப்பு சுமார் 164 கோடி டாலர். டிசம்பர் 6 அன்று கவுன்டி திவால் மனு தாக்கல் செய்தது. ஊழியர் பலர் வேலை இழந்தனர். சிட்ரன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருடைய நாற்காலியில் மூர்லாக் அமர்ந்தார். கடன் வாங்கியபோது முதலீட்டாளர்களிடம் உண்மை நிலை வெளியிடப்படுகிறதா என்று மேற்பார்வையாளர் குழு உறுப்பினர்கள் உரியபடி கவனிக்கவில்லை என்று பங்குச்சந்தை ஆணையம் 1996இல் கண்டித்தது.

கணக்குக் கேட்கும் கை யாருடையது என்ற இழுபறி அதன் பிறகும் ஓயவில்லை. திவாலுக்குப் பின் உள்தணிக்கைத் துறை குழுவின் கீழ் வந்தது. 2015இல் அது மக்கள் தேர்ந்தெடுத்த தணிக்கை அதிகாரியிடம் போனது. 2018இல் குழு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆள்வோரையே தணிக்கை செய்ய வேண்டிய துறை அவர்களுக்கே பதில் சொல்லும் ஏற்பாடு இது, பிழையான ஏற்பாடு.

அதன் பிறகு வந்த வழக்கு வயிற்றை எரிக்கிறது. கொரோனா காலத்தில் முதியவர்களுக்கும் இயலாதவர்களுக்கும் உணவு வழங்க என்று குழு உறுப்பினர் ஆண்ட்ரூ டோ ஒரு தொண்டு அமைப்புக்கு அரசுப் பணத்தைத் திருப்பிவிட்டார். அதில் 93 லட்சம் டாலருக்கும் மேலான தொகையில் சுமார் 15 சதவீதம் மட்டுமே உணவுக்குச் செலவானது என்கிறது அரசுத் தரப்பு. 5,50,000 டாலருக்கும் மேற்பட்ட லஞ்சம் கைமாறியது. 2024இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். 2025 ஜூனில் அவருக்கு ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.