இலந்தை இலை முதல் ஷாம்பு பாக்கெட் வரை

மய்யித்தைக் குளிப்பாட்டும் நீரில் இலந்தை இலை சேர்ப்பதை நாம் அறிவோம். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு நபிகளாரின் மகளார் ஸைனப் (ரலி) மறைந்தபோது, இலந்தை இலை கலந்த நீரால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கழுவி, இறுதியில் கற்பூரம் சேர்க்குமாறு அண்ணலார் (ஸல்) பணித்தார்கள். குளிப்பாட்டிய பெண்கள் அவர்தம் கூந்தலை வாரி மூன்று பின்னல்களாக இட்டனர் என்று உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கின்றார்கள். உயிர் பிரிந்த பின்னும் கூந்தலுக்குரிய கண்ணியம் குறையவில்லை.

அவ்விலையில் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் உண்டு. நம் வீட்டுச் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பதும் அதுவே. எண்ணெயையும் அழுக்கையும் பிரித்து நீரோடு அனுப்புவது அதன் வேலை.

‘ஷாம்பு’ என்னும் சொல்லும் இம்மண்ணிலிருந்தே சென்றது. அமுக்கிப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லே அதன் வேர். 1759இல் பாட்னாவில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த தீன் முஹம்மது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் மூலிகை நீராவிக் குளியலும் உடல்பிடித்தலும் நடத்திப் புகழ்பெற்றார். மன்னர் நான்காம் ஜார்ஜும் அவரிடம் சிகிச்சை பெற்றார். 1851இல் அவர் மறைந்த பின்னரே அச்சொல் தலைமுடி கழுவுதலைக் குறிக்கலாயிற்று. 1903இல் பெர்லினில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்காப் ஷாம்புத் தூளை விற்றார். புட்டியில் அடைத்து விற்ற ஷாம்புவைக் கடலூரின் சின்னி கிருஷ்ணன் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழையின் கைக்கும் எட்டச் செய்தார். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார்.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் உழைப்போர் வாழும் தெருக்களிலும் பெட்டிக்கடைதோறும் இப்பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்குகின்றன. இதே திருவள்ளூர் மாவட்டத்தின் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்து பல்லாண்டுகள் ஆகின்றன. கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த கடின நீரில் சோப்பு நுரைக்காது. திரிந்து முடியில் படியும். ஷாம்பு அத்தகைய நீரிலும் நுரைக்கும். அது வீடுதோறும் நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால், ‘மூலிகையும் தாதுச்சத்தும் கலந்தது’ என்ற விளம்பரத்தைக் கண்டு, முடி உதிரும் மகளுக்குப் பாக்கெட்டை மாற்றி மாற்றி வாங்கும் பெற்றோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. அது எதையும் உண்பதில்லை. பொடுகு ஷாம்புவில் சேரும் துத்தநாகச் சேர்மங்கூடப் பொடுகோடு தொடர்புடைய பூஞ்சையை அடக்குகின்றதேயன்றி முடிக்கு உணவாவதில்லை. வேருக்கு வேண்டிய இரும்பும் துத்தநாகமும் இரத்தத்தின் வழியே வருகின்றன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. முடி உதிர்வுக்கு இரும்புக் குறைவும் ஒரு காரணமாகலாம்.

ஆகவே, சீயக்காயோ ஷாம்புவோ, கழுவுவதற்கு உரியதைக் கழுவ மட்டும் கொள்வோம். உதிர்வு தொடர்ந்தால் மகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்விப்போம். அவள் தட்டில் கீரையும் பருப்பும் முட்டையும் இறைச்சியும் குறையாதிருக்கட்டும். கூந்தலைக் கண்ணியப்படுத்துவது அங்கிருந்தே தொடங்குகின்றது.